மீன் நிறுப்பவள்

பாட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்தில்
குன்வோருக்குப் பகலெல்லாம் காட் மீன் நிறுக்கிற வேலை.
பகல் என்பது ஒரு பேச்சுக்கு.
டிசம்பரில் அங்கே சூரியன் வேலைக்கு வருவதில்லை.

மூன்று மணிக்குத் தராசைக் கழுவிவிட்டு
கையுறையில் செதில் ஒட்டியிருக்க
ஐஸ் கிடங்கின் பின்புறம் போய்
அண்ணாந்து
இன்னொரு மீனை நிறுப்பாள்.

அவள் மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர்.
நமக்குத்தான் இரண்டும் மீன்.

சீபியஸ் கூட்டத்தின் அடிவரிசையில்
மாதுளை முத்து நிறத்தில் ஒன்று. மியூ.
சூரியனைப் பிடுங்கி எறிந்து அங்கே இதை வைத்தால்
பூமி, செவ்வாய், வியாழன் எல்லாம் இதன் வயிற்றுக்குள்.
அத்தனையும் ஊதிப்போன உடம்பு.
விளிம்பு எங்கே என்று கேட்டால்
அதற்கே சொல்லத் தெரியாது.
விண்மீன் கணக்கில் ஆறிய நெருப்பு,
நீராவியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற நெருப்பு.
மேனியில் ஒரு கொப்புளம் எழுந்து அமுங்குவதற்குள்
அவள் இரண்டு ஜோடி பூட்ஸ் தேய்த்துவிடுவாள்.

இந்தத் தராசு தலைகீழ்.
எண் ஏற ஏற ஒளி இறங்கும்.
சுற்றிலும் மாறாத நட்சத்திரங்கள்தான் படிக்கற்கள்:
ஜீட்டாவை விட இளைப்பு,
எப்சிலானோடு சரிக்குச் சரி,
எழுது, நான்கு புள்ளி இரண்டு.
பென்சிலால்தான். பேனா உறைந்துபோகும்.

முறைத்துப் பார்க்கக் கூடாது, அது ஒரு விதி.
சிவப்பை உற்றுப் பார்த்தால்
கண் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்துவைத்து
உள்ளதை விடக் கூட்டிச் சொல்லும்.
கடன் கேட்க வந்தவன்
வீட்டுக்காரன் முகத்தைப் பார்ப்பதுபோல்
ஒரு பார்வை, விலகு.
ஒரு பார்வை, விலகு.

எண்ணூற்றுச் சொச்சம் நாளுக்கு ஒருமுறை
ஏறி இறங்குமாம்.
ஏறவேண்டிய மாதத்தில் இறங்கும்.
ஏன் என்று யோசிப்பதற்குள் கோடை வந்துவிடும்,
மே முதல் ஆகஸ்ட் வரை இருட்டே கிடையாது.
அவள் வரைபடத்தில் வருஷத்துக்கு ஒரு பல் விழுந்த இடம்.
அந்த நாட்களில் அது என்ன செய்தது?
தெற்கே யாராவது பார்த்திருப்பார்கள்.
அவள் கேட்டதில்லை.

வெடிக்குமாமே, வெடித்தே இருக்குமோ
என்று கேட்கிற மாலுமிகளிடம்
"நேற்று நான்கு புள்ளி இரண்டு" என்பாள்.

வாட்சோவிலிருந்து எய்லிஃப் போன் செய்வான்:
"எனக்கு நான்கரை. உனக்கு எப்படி நான்கு புள்ளி இரண்டு?"
பதினோரு வருஷமாய் இதே பேச்சு.
நேரில் பார்த்தது இரண்டு தடவை,
இரண்டும் சாவு வீடு.
அங்கேயும் தேவாலய வாசலில் நின்று
இதைத்தான் பேசினார்கள்.

போன அக்டோபரில்
கிர்கெனெஸ் ஆஸ்பத்திரியில் அவள் வலக்கண் புரையை எடுத்தார்கள்.
கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் தெளிந்த இரவு:
படிக்கற்கள் எல்லாம் நீலமாய், கூர்மையாய்,
இத்தனை நாள் யாரோ டீயில் தோய்த்து வைத்திருந்ததுபோல்.
நடுவே மியூ
மெலிந்து கிடந்தது.
நான்கரை.

வலக்கண்ணைப் பொத்தினாள்.
இடக்கண்ணில் அதே பழைய நான்கு புள்ளி இரண்டு.
மறுபடி மாற்றிப் பொத்தினாள்.
கிடங்குக் காவல்காரன் லார்ச்சை அடித்து
"யாருக்குச் சைகை காட்டுகிறாய்?" என்றான்.

குறிப்பேட்டில் முதன்முறையாக
ஒரே இரவுக்கு இரண்டு வரி எழுதினாள்.
பழைய பக்கங்களைப் புரட்டினாள்.
ஒன்றையும் திருத்தவில்லை.
எய்லிஃபுக்குப் போன் செய்யவும் இல்லை.

மறுநாள் காலை படகுக்காரன் ஒருவன்
நாற்பது கிலோ குறைகிறது,
தராசு பொய் சொல்கிறது என்று கத்தினான்.
பேசாமல் போய்
இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தாள்.

இருபது.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்,
பிறகு இன்னொன்றை.
இருபதுதான்.

அவள் ஏன் சிரித்தாள் என்று
படகுக்காரனுக்குப் புரியவில்லை.